ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் 14 மாதம்: வேலை முடிந்த பிறகு எழுதும் விமர்சனம்

இந்த ஏஜென்சிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் 5-க்கு 3. அதில் 2, அங்கே வேலை பார்த்த ஒரே ஒரு பெண்மணிக்குச் சேர வேண்டியது. மீதி 1, ஒரு மாதம் தவிர மற்ற எல்லா மாதமும் சம்பளம் சொன்ன தேதியில் வந்ததற்கு.

ஏஜென்சியின் பெயரைப் போடப் போவதில்லை. அவர்கள் அனுப்பி நான் போய் வேலை பார்த்த கம்பெனியின் பெயரையும் சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில் இருக்கும் ஏஜென்சிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை, அதனால் பெயர் தெரிந்து யாருக்கும் பெரிய பிரயோஜனம் இல்லை. ஒரு ஏஜென்சியிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அதை எழுதுகிறேன்.

சேருவதற்கு முன்னால் நானும் எல்லாரையும் போல விமர்சனங்களைத் தேடித் தேடிப் படித்தேன். பத்தே நாளில் வேலை வாங்கிக் கொடுத்தார்கள், பேப்பர் வேலை சுலபம், போன் பண்ணினால் எடுக்கிறார்கள் என்று ஒரே புகழ்ச்சி. எல்லாம் வேலை கிடைத்த சூட்டில் எழுதியவை. கல்யாணம் ஆன மறுநாள் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் என்ன பதில் வரும்? அந்த மாதிரிதான். நான் எழுதியிருந்தாலும் முதல் மாதம் 5-க்கு 5 போட்டிருப்பேன். உண்மையிலேயே பேப்பர் வேலை சுலபம், போன் பண்ணினால் எடுத்தார்கள். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

என் வேலை, பழைய கணக்கு மென்பொருளில் இருக்கும் தரவைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது, மாற்றிய பிறகு இரண்டு பக்கமும் ஒத்துப் போகிறதா என்று சரிபார்ப்பது. 11 வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் கான்ட்ராக்டில். எனவே பெர்மனென்ட் ஆட்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்பதெல்லாம் எனக்குப் புதிதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அது தெரிந்துதான் போகிறோம்.

முதல் மூன்று மாதம் அந்தக் கம்பெனியில் என் மேனேஜர் நன்றாகவே இருந்தார். நான்காவது மாதம் ஒரு மீட்டிங்கில் டைரக்டர், அவரைத் தாண்டி என்னிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியும், சொன்னேன். டைரக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மொத்தமே ஒரு நிமிடம் இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு நான் பத்து மாதம் விலை கொடுத்தேன்.

அடுத்த வாரம் அந்த மீட்டிங்குக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. மேனேஜர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் இல்லை. பக்கத்தில் உட்காரும் பையன் ஒருவன், பெர்மனென்ட், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். "அக்கா, நீங்க போட்ட அந்த ஷீட்டைத்தான் உள்ள காட்டிட்டு இருந்தாரு. உங்களைக் கூப்பிடலையா?" என்று கேட்டான். ஷீட்டின் மேல் மூலையில் இருந்த என் பெயர் மட்டும் எப்படியோ காணாமல் போயிருந்தது. சரி, கான்ட்ராக்ட்படி நான் செய்யும் வேலை அவர்களுடைய சொத்து, பெயர் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று சமாதானம் செய்துகொண்டேன். இப்போது யோசித்தால், அந்தச் சமாதானத்தை எனக்கு நானே கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அந்த 312 பில். ஒரு செவ்வாய்க்கிழமை என் மேஜைப் பக்கம் நடந்து போன மேனேஜர், நடந்துகொண்டே, "கேன்சல் ஆன பில் எல்லாம் விட்டுடுங்க, தேவையில்ல" என்றார். விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து நடந்த ரிவ்யூவுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். புதிய பக்கத்தில் 312 பில் குறைகிறதே, ஏன் என்று டைரக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர், "கான்ட்ராக்டர் சைடுல ஒரு மிஸ் ஆயிடுச்சு சார். நான் அவங்க ஏஜென்சிகிட்ட பேசிக்கிறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நீங்கதான சார் விடச் சொன்னீங்க" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. எழுத்தில் ஒரு வரி கூட இல்லையே என்று அதே நொடியில் உறைத்தது. பேசாமல் இருந்துவிட்டேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்த அறையில் ஆண்டி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

ஏஜென்சியின் உண்மையான தரம் தெரிய ஆரம்பித்தது இங்கேதான். சொன்னபடி அவர் ஏஜென்சியிடம் பேசிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள், ஏஜென்சியில் எங்களைக் கவனிக்கும் கோ-ஆர்டினேட்டர் பையன் போன் செய்தான். "மேடம், கிளையன்ட் சைடுல இருந்து சின்னதா ஒரு ஃபீட்பேக் வந்திருக்கு" என்று இழுத்தான். நடந்ததை முழுதாகச் சொன்னேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டான், அதைக் குறை சொல்ல முடியாது. கேட்டு முடித்துவிட்டு அவன் சொன்னது: "புரியுது மேடம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." அவ்வளவுதான். எனக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை. அவனுக்கு வாடிக்கையாளர் யார்? பில் தொகையைக் கட்டுவது அந்தக் கம்பெனி. நான் கடையில் அடுக்கி வைத்திருக்கும் சாமான். சாமான் புகார் சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்? தூசி தட்டித் திரும்ப வைப்பார்.

ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது: கிளையன்டின் மேனேஜர் என்னைப் பற்றி ஒரு குறை சொன்னால், முதலில் என்ன செய்வீர்கள்? இனிமேல் எங்கே சேர்ந்தாலும் இதைத்தான் முதலில் கேட்பேன்.

ஏழாவது மாதம் அந்தக் கோ-ஆர்டினேட்டர் பையனை வேறு கிளையன்ட் கணக்குக்கு மாற்றிவிட்டு, வயதில் மூத்த ஒரு பெண்மணியைப் போட்டார்கள். அறிமுகத்துக்காகத்தான் போன் செய்தார். நான் ஏற்கனவே வெந்து போயிருந்ததால், அவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் கேட்டிருப்பார். "உங்களுக்கு என்ன தோணுதுங்கறதை அப்புறம் சொல்லுங்க. முதல்ல தேதி சொல்லுங்க" என்றார்.

தேதியா? எந்த மீட்டிங், என்றைக்கு, யார் யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை என்ன, அதற்கு முன்னால் என்னிடம் சொன்னது என்ன. என்னால் இரண்டே இரண்டு தேதிதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. நாலு மாதமாக மனசுக்குள் ஒரு பெரிய கேஸ் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் போனில் அவர் சொன்னவற்றில் மூன்றை இன்றும் பின்பற்றுகிறேன். வாயால் எது சொல்லப்பட்டாலும் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு சின்ன மெயில் போக வேண்டும்: இன்று பேசியபடி ரத்தான பில்களை எடுக்காமல் விடுகிறேன், மாற்றம் இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லவும். குற்றம் சாட்டும் தொனி கூடாது, நன்றி சொல்லும் தொனி இருந்தால் நல்லது. டைரக்டரை சிசியில் போடட்டுமா என்று கேட்டேன். "போடவே போடாதீங்க. சிசி போட்டா சண்டைக்குக் கூப்பிடற மாதிரி. அவருக்கு மட்டும் அனுப்புங்க. தேவைப்படற அன்னிக்கு அந்த மெயிலே பேசும்" என்றார்.

மூன்றாவது விஷயம் எனக்குத் தெரியாதது. ஆதாரம் சேர்க்கிறேன் என்று கம்பெனி மெயிலை என் சொந்த மெயிலுக்கோ ஏஜென்சிக்கோ அனுப்பி வைக்கக் கூடாது என்றார். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நம்மை உடனே வெளியே அனுப்ப அதைவிட நல்ல காரணம் அவர்களுக்குக் கிடைக்காது. ஒரு நோட்டில் தேதி, நேரம், மெயிலின் தலைப்பு, நடந்ததன் சாரம், இவ்வளவு மட்டும் கையால் எழுதி வைத்தால் போதும். உள்ளே இருக்கும் தரவு எதையும் எழுதக் கூடாது. அன்று மாலையே ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்தேன். வேலையை விட்டு வரும்போது 61 பக்கம் ஆகியிருந்தது. ஒரு பக்கத்தைக்கூட யாரிடமும் காட்ட வேண்டி வரவில்லை. ஆனால் அது பையில் இருக்கிறது என்ற தைரியத்தில் பல இரவு தூங்கினேன்.

புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். "உண்மையைச் சொல்லட்டுமா? நாங்க அங்க அனுப்பியிருக்கிற 40 பேர்ல நீங்க ஒருத்தர். உங்களுக்காக அந்த 40-ஐ எங்க ஆளுங்க பணயம் வைக்க மாட்டாங்க." ஏஜென்சிக்காரர் ஒருவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை. அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த வாக்கியத்தால்தான்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு கம்பெனிக்கும் மாதா மாதம் ஒரு கூட்டம் நடக்கும். அதில், வேலையின் எல்லையை மாற்றுவதாக இருந்தால் இனிமேல் அது எழுத்தில் வர வேண்டும் என்ற ஏற்பாட்டை 40 பேருக்கும் பொதுவாக முன்வைத்தார். என் பெயர் வரவில்லை, என் மேனேஜர் பெயரும் வரவில்லை. நடைமுறை ஒழுங்கு என்று சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நிறைவேறிவிட்டது. என் மேனேஜரே அந்தச் சுற்றறிக்கையை எங்களுக்கு அனுப்ப வேண்டி வந்தது. படித்தபோது எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கான்ட்ராக்டர் அனுபவிக்கும் ஒதுக்கல் எல்லாமே அரசியல் இல்லை. என் அடையாள அட்டையின் கயிறு வேறு நிறம். ஆண்டு விழாவுக்கு அழைப்பு கிடையாது. மெயில் முகவரியிலேயே வெளியாள் என்று தெரியும். இதற்கெல்லாம் பின்னால் சட்ட பயம் இருக்கிறது. வெளி ஆளைத் தன் ஊழியரைப் போலவே நடத்தினால், நாளை அவர் நானும் உங்கள் ஊழியர்தான் என்று உரிமை கேட்கலாம். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் மீது தற்காலிக ஊழியர்கள் 1992-இல் தொடுத்த வழக்கு இப்படிப்பட்டதுதான். வருடக்கணக்காக உங்களுடனேயே உட்கார்ந்து உங்கள் வேலையைத்தான் செய்தோம், ஊழியர்களுக்குத் தரும் பங்குத் திட்டம் எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். 2000-இல் 9.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்கப்புறம் கான்ட்ராக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் நடுவே கோடு போடுவதில் பெரிய கம்பெனிகள் இன்னும் கவனமாகிவிட்டன. 2014-இல் அதே மைக்ரோசாஃப்ட், வெளி ஆட்கள் 18 மாதம் வேலை செய்தால் ஆறு மாதம் வெளியே இருந்துவிட்டுத்தான் திரும்பலாம் என்று விதி போட்டது.

இது தெரிந்த பிறகு எனக்குப் பாதி வருத்தம் போய்விட்டது. விழாவுக்குக் கூப்பிடாதது விதி. நான் போட்ட ஷீட்டைப் பற்றிய மீட்டிங்குக்கு என்னைக் கூப்பிடாதது அவர். நோட்டில் இரண்டாவது வகையை மட்டும் எழுதினேன். சேர்ந்த அன்று தரும் வழிகாட்டுக் கையேட்டில் இதை ஒரு பக்கம் விளக்கியிருந்தால் எத்தனையோ பேர் வீணாகக் குமைய மாட்டார்கள். ஏஜென்சியின் கையேட்டில் இருந்ததோ அட்டை தொலைந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான்.

மெயிலும் சுற்றறிக்கையும் வந்த பிறகு மேனேஜரிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் டைம்ஷீட். வாராவாரம் வேலை நேரத்தைக் குறித்து நான் போடுவதை அவர் அப்ரூவ் செய்தால்தான் ஏஜென்சி பில் போடும். பத்தாவது மாதம் மூன்று வாரத்து ஷீட்டை அப்படியே கிடப்பில் போட்டார். நேரில் கேட்டால், "ஓ, பார்க்கலையே, பார்க்கிறேன்." அந்தப் பெண்மணி அப்போது பார்த்து விடுமுறையில் இருந்தார். ஏஜென்சியின் கணக்குப் பிரிவைக் கூப்பிட்டால், "கிளையன்ட் அப்ரூவ் பண்ணாதான் மேடம்" என்று ஒரே பல்லவி. வேறு வழியில்லாமல் என் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஐந்து வேலை நாளுக்குள் டைம்ஷீட்டை ஏற்கவோ மறுக்கவோ செய்யாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்று பதினோராவது பக்கத்தில் இருந்தது. அவர்களே எழுதிய ஒப்பந்தம்! அந்தப் பத்தியை எடுத்துப் போட்டு ஒரு மெயில் அனுப்பினேன். சம்பளம் வந்தது, 9 நாள் தாமதமாக. தன் கையால் எழுதிக் கொடுத்த காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத கணக்குப் பிரிவுக்காக ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்.

இன்னொரு மதிப்பெண் போனது வேறு விஷயத்தில். பன்னிரண்டாவது மாத வாக்கில் அந்தத் தம்பி வந்து காதோடு சொன்னான்: "அக்கா, உங்களைப் பெர்மனென்ட் ஆக்கலாமான்னு டைரக்டர் கேட்டாராம். ஏஜென்சிக்குப் பெரிய தொகை கட்டணும்னு இவரு சொல்லிட்டாராம்." அப்படி ஒரு பிரிவு இருப்பது எனக்கே தெரியாது. என் ஒப்பந்தத்தில் அது இல்லை. ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கும் ஒப்பந்தத்தில் இருந்தது. நான் கேட்டபோது முதலில் மழுப்பினார்கள். பிறகு ஆமாம், நேரடியாக வேலைக்கு எடுத்தால் கட்டணம் உண்டு, காலம் ஆக ஆகக் குறையும் என்றார்கள். இது இந்தத் தொழிலில் எல்லா இடத்திலும் இருக்கும் வழக்கம்தான், தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் என் தலை மேல் ஒரு விலைச்சீட்டு தொங்குகிறது என்பதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? சேரும்போதே தெரிந்திருந்தால், பெர்மனென்ட் ஆகும் ஆசையை எப்போது வளர்ப்பது, எப்போது விடுவது என்று கணக்குப் போட்டிருப்பேன்.

மேனேஜரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொல்லாதவர் என்று எழுதிவிட்டுப் போகலாம், சுலபம். ஆனால் அந்த வருடம் அவர் குழுவில் மூன்று பெர்மனென்ட் இடங்களை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் இரண்டு கான்ட்ராக்டர்களைக் கொடுத்திருந்தார்கள். அடுத்து எடுக்கப்போவது தன் நாற்காலியையோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அவருக்குத் தெரியாத பதிலை நான் டைரக்டரிடம் சொன்னபோது அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. இது புரிந்ததால் எனக்கு அவரைப் பிடித்துவிடவில்லை. டைரக்டருக்கு எது போனாலும் ஒரு நாள் முன்னால் அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஒரு பழக்கம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு அவர் குத்துவது பாதியாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

பதினான்காவது மாதம் ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாமா என்று ஏஜென்சி வழியாகக் கேட்டு அனுப்பினார். அவரேதான். வேலையை எடுத்துக்கொள்ள ஆள் தயாராகவில்லையாம். கோ-ஆர்டினேட்டர் அம்மா இதைப் போனில் சொல்லும்போது குரலில் சிரிப்பு இருந்தது. எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும், அதனால் இருங்கள் என்றுதான் நான் சொல்ல வேண்டும், ஆனால் முடிவு உங்களுடையது என்றார். வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை. வேலையை ஒப்படைக்கும் குறிப்பை 18 பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன், அந்த 312 பில்லும் எங்கே இருக்கிறது என்பது உட்பட. பிரச்சினை இல்லாமல் முடிந்தது என்று ஏஜென்சி ஒரு கடிதம் கொடுத்தது. அடுத்த வேலைக்கு அது உதவியது.

திரும்ப இவர்களிடம் போவேனா என்று கேட்டால், அந்தப் பெண்மணி இருக்கும் கணக்கில் போடுவதாக இருந்தால் போவேன். இப்போது அவரும் வேறு கணக்குக்கு மாறிவிட்டதாகக் கேள்வி.

கடைசி நாள் ஏஜென்சியிலிருந்து ஒரு கருத்துப் படிவம் வந்தது. பத்துக் கேள்வி. எத்தனை நாளில் வேலை கிடைத்தது, பேப்பர் வேலை சுலபமாக இருந்ததா, போன் எடுத்தார்களா. வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் என்று கீழே ஒரு கட்டம், 250 எழுத்துக்குள். ஏழாவது மாதத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். தேதி போடுவதற்குள் கட்டம் முடிந்துவிட்டது.